மாமா முன்னால் நிற்கிறார்

மகுடேஸ்வரனுக்கு மாமா என்றால் பயம். எந்த மாமா என்பதில்தான் அத்தனை கூத்தும் வந்தது.

முதல் மாமா போலீஸ். ரோட்டில் வண்டி ஓட்டுகிற நம் ஆட்கள் போலீஸைப் போலீஸ் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? "மாமா நிக்கிறாரு, பாத்துப் போ" என்பார்கள். ஓரத்தில் ஒளித்து வைத்திருக்கும் வேகக் கேமராவுக்கும் அதே உறவுமுறைதான். அந்த வருடம் சட்டம் வேறு மாறிப் போயிருந்தது. அபராதத்தைக் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு போகிற காலம் முடிந்துவிட்டது. ஐந்து முறை கேமராவில் சிக்கினால் லைசென்ஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும். புதுக் கார்கள் எல்லாம் விரல் ரேகை பார்த்துத்தான் கிளம்பும் என்பதால், ஒரு வருடத்துக்கு ஒரு காரும் அந்த விரலுக்கு அசையாது.

மகுடேஸ்வரன் நான்கு முறை சிக்கியிருந்தான். கோயமுத்தூரில் பம்புசெட் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்காக, பல்லடம் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிக்கிற வேலை அவனுக்கு. கார் ஓட்ட முடியாதவனை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? மேனேஜர் அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"இன்னொண்ணு விழுந்துச்சுன்னா வேற எடம் பாத்துக்குங்க மகுடேஸ்."

சரி, மெதுவாக ஓட்டலாமே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். காலையில் ஒன்பது கடையை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு மதியத்துக்குள் ஆர்டர் வரவில்லையே என்று போன் போடுகிற கம்பெனியில் நீங்கள் வேலை பார்த்ததில்லை.

இரண்டாவது மாமா நாச்சிமுத்து. மகுடேஸ்வரனின் மாமனார். சூலூரில் கோழித் தீவனக் கடை நடத்தி ஓய்ந்த மனிதர். பெட்ரோல் குடிக்கிற பழங்காலத்து மொபெட், தலையில் ஆரஞ்சு நிற ஹெல்மெட், வெள்ளை வேட்டி என்று திருச்சி ரோட்டில் எங்கே பார்த்தாலும் எதிரில் வருவார். கெட்டவர் இல்லை. ஆனால் கேள்வி கேட்பார். கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில், பந்தியில் நாற்பது பேர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், "ஏனுங் மாப்ள, எப்பங் மேனேஜர் ஆவீங்க?" என்று கேட்டார். மகுடேஸ்வரனுக்குப் புரையேறியது. அன்றிலிருந்து அந்த ஆரஞ்சு ஹெல்மெட்டைக் கண்டாலே அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கால் ஆக்சிலேட்டரை விட்டுவிடும்.

இந்த நிலைமையில்தான் 'உஷார்' வந்தது.

கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்கிற ஆப்புகள் முன்பும் இருந்தன. ஆனால் போலீஸ்காரர்கள் உஷாராகி, கேமராவைத் தினம் இடம் மாற்ற ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இளநீர் வண்டியில் இருந்தால் நாளைக்கு வேப்பமரத்தில் இருக்கும். பட்டியல் போட்டு வைப்பதெல்லாம் பிரயோஜனப்படவில்லை. மகுடேஸ்வரனோடு காலேஜில் படித்த நவநீதன் வேறு வழி கண்டுபிடித்தான். அவன் செய்த 'உஷார்' கேமராவைத் தேடவில்லை. டிரைவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. யார் எங்கே பம்முகிறார்கள் என்று கற்றுக்கொண்டு பின்னால் வருகிறவனை எச்சரித்தது. "மாமா, நானூறு மீட்டரில்" என்று ஒரு பெண் குரல் கனிவாகச் சொல்லும். மகுடேஸ்வரன் அறுபதுக்கு இறங்குவான். சொல்லி வைத்தாற்போல ஒரு கேமரா கடந்து போகும். மூன்று வாரம் அவன் ராஜா மாதிரி ஓட்டினான்.

நான்காவது வாரம் ஒண்டிப்புதூரில் அந்தக் குரல், "மாமா, முந்நூறு மீட்டரில்" என்றது. அவன் இறங்கி ஊர்ந்து போய்ப் பார்த்தால் கேமராவும் இல்லை, காக்கிச் சட்டையும் இல்லை. பேக்கரி வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டு மாமனார் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தார். அன்றைக்குத் தற்செயல் என்று விட்டுவிட்டான். மறுநாள் சிங்காநல்லூரில் அதே எச்சரிக்கை. அதே மாமனார். இந்த முறை குரல் கூடுதலாக ஒரு உபகாரமும் செய்தது: "இடப்பக்கம் திரும்பினால் தவிர்க்கலாம்."

அன்று சாயங்காலமே நவநீதனை ஒரு பேக்கரியில் பிடித்தான்.

"டேய், உன் ஆப்புக்குக் கிறுக்குப் புடிச்சுப் போச்சு. எங்க மாமனாரைப் பாத்துட்டு மாமா நிக்கிறாருங்குது."

"நின்னாரா, இல்லையா?"

"நின்னாரு."

"அப்புறம் என்னடா? சரியாத்தான் சொல்லியிருக்குது."

"வெளையாடாத நவநீதா."

நவநீதன் டீயை உறிஞ்சிவிட்டு நிதானமாக விளக்கினான். "கேமராவப் பாத்தா மனுசன் என்ன பண்ணுவான்? நெஞ்சு அடிச்சுக்கும். காலு லேசாகும். சாஞ்சு உக்காந்தவன் நிமிந்து உக்காருவான். கைல இருக்கற வாட்சும் காரும் இதையெல்லாம் பாத்துட்டே இருக்குது. எதைப் பாத்து இப்படி ஆனான்னு கார் முன்னாடி இருக்கற கேமரா பாத்துக்குது. போதாததுக்கு நம்மாளுக வாயைத் தொறந்து 'மாமா நிக்கிறாரு'ன்னு சொல்றாங்க. அந்த வார்த்தையை வெச்சுத்தான் அதுக்குச் சொல்லிக் குடுத்தோம். ஒருத்தனாச்சும் 'வேகக் கண்காணிப்புக் கருவி'ன்னு சொல்லித் தொலைச்சிருந்தா இந்த வம்பே இல்லை."

"அதனால?"

"அதனால உஷாருக்கு மாமான்னா போலீசும் இல்ல, கேமராவும் இல்ல. எந்த ஆளைப் பாத்தா உனக்கு வவுறு கலக்குமோ, அந்த ஆளு மாமா. உன் போன்ல அவரு நம்பரை என்னன்னு போட்டு வெச்சிருக்கே?"

"மாமான்னு."

"போதும். முடிஞ்சுது சோலி. இனி ரோட்டுல போற வர்ற ஒவ்வொரு வண்டியோட கேமராவும் உனக்காக அந்த ஆரஞ்சு ஹெல்மெட்டைத் தேடும்." நவநீதன் சிரித்தான். "என் சம்சாரம் என்னைய மாமான்னுதான் கூப்புடுவா. நேத்து எதுத்தாப்புல ஸ்கூட்டர்ல வந்தவ, நடு ரோட்டுல அப்படியே திருப்பிட்டுப் போயிட்டா." சொல்லி முடித்ததும் அவனுக்கே என்னவோ தோன்றியிருக்க வேண்டும். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "சரி, ரெண்டு நாள் டைம் குடு. சரி பண்ணிடறேன்."

மகுடேஸ்வரன் டீ கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவசரம் ஒண்ணுமில்ல" என்றான்.

அவசரம் ஒன்றுமில்லை என்று நினைத்தது அவன் மட்டுமல்ல. விஷயம் கசிந்து ஒரே மாதத்தில் கோயமுத்தூர் முழுக்க மருமகன்கள் உஷாரைப் போட்டுக்கொண்டார்கள். நவநீதன் திருத்துவதாக அறிவித்தபோது வேண்டாம் என்று கெஞ்சிக் கடிதங்கள் குவிந்தன. கல்யாண மண்டபங்களில் மாமாக்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகன்கள் பின் வாசல் வழியாக வந்து மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, அப்படியே போனார்கள். தாய்மாமன் சீர் கொண்டு வந்த ஒருவர், சீர் வாங்க வேண்டிய ஆளைத் தேடித் தட்டோடு மூன்று தெரு அலைந்தார். ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை மட்டும் இதில் லாபம் பார்த்தார். காலையில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாலு மாமாக்களை உட்கார வைத்தார். அந்தத் தெருவில் வண்டிகள் மாட்டு வண்டி வேகத்தில் போயின. மாமாக்களுக்கும் பொழுது போயிற்று. ஆனால் ரோட்டில் பார்த்து, "எங்கங் இந்தப் பக்கம்?" என்று கேட்க ஆளில்லாமல் ஊரில் ஒரு தலைமுறையே வெறிச்சென்று உட்கார்ந்திருந்ததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

கவனித்தவள் கோகிலவாணி. மகுடேஸ்வரனின் மனைவி.

"எங்கப்பாவும் நீங்களும் ஒரே ரோட்டுலதான் போறீங்க, வர்றீங்க. பாத்துக்கவே மாட்டீங்களா?"

"டிராபிக்குல எங்க கோகிலா கண்ணுக்குத் தெரியுது?"

"அந்த ஆரஞ்சு ஹெல்மெட் ஆகாசத்துல இருந்து பாத்தாலும் தெரியும்."

அவன் செருப்பைத் தேடப் போனான். நடுவில் நாச்சிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் தேங்காய் விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். இருவரிடமும் தென்னை மரம் கிடையாது. வெளியே வந்து காரில் ஏறியதும்தான் மகுடேஸ்வரனுக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

ஸ்டென்ட் வைத்த அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை. காலையில் சூலூரைத் தாண்டும்போது உஷார், "மாமா, ஐநூறு மீட்டரில். இடப்பக்கம் திரும்பினால் தவிர்க்கலாம்" என்றது. அவன் யோசிக்கவேயில்லை. கை தானாகத் திருப்பியது. சுற்றுவழியில் பல்லடம் போய், இரண்டு கடை முடித்து மூன்றாவது கடையில் பேரிங் சாம்பிளை எடுத்து வைத்தபோது கோகிலவாணி போன் செய்தாள்.

"அப்பா செக்கப்புக்குக் கெளம்பிப் போனாருங்க. ஆஸ்பத்திரிக்கே வரலைங்கறாங்க. போன் அடிக்குது, எடுக்க மாட்டேங்கறாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

மகுடேஸ்வரனுக்குக் காலையில் கேட்ட எச்சரிக்கை ஞாபகம் வந்தது. ஐநூறு மீட்டர். நேராகப் போயிருந்தால் பார்த்திருப்பான். பேரிங்கைக் கடைக்காரர் மேஜையிலேயே விட்டுவிட்டுக் காருக்கு ஓடினான்.

"கோகிலா, அப்பா எங்க இருக்காருன்னு கண்டுபுடிக்க ஒரு வழி இருக்குது. சொன்னா நீ திட்டுவே."

"சொல்லுங்க முதல்ல."

சொன்னான். சூலூரை நோக்கிக் காரைக் கிளப்பிக்கொண்டே, ஸ்பீக்கரில், ஒன்றுவிடாமல் சொன்னான்.

"அப்ப இத்தனை நாளா..."

"திட்டறத அப்புறம் வெச்சுக்க. இது எங்க போவாதேங்குதோ அங்க போறேன். அங்கதான் உங்கப்பா இருப்பாரு."

யோசனை நல்ல யோசனைதான். ஆனால் உஷாருக்கு இரண்டு மாமாவும் ஒன்று. அது போகாதே என்கிற இடத்தில் மாமனாரும் இருக்கலாம், அவன் பிழைப்பைப் பிடுங்கக் காத்திருக்கிற கேமராவும் இருக்கலாம். மெதுவாகப் போனால் கேமராவுக்குப் பயமில்லை. மெதுவாகப் போகிற நேரமா இது?

"மாமா, எண்ணூறு மீட்டரில்" என்றது உஷார். பழக்க தோஷம், கால் தளர்ந்தது.

"ஏன் ஸ்லோ பண்றீங்க? சத்தம் கொறையுது!" என்றாள் கோகிலவாணி.

"மாமாங்குது."

"எங்கப்பாவா?"

புளியமரத்தடியில் ஒரு ஜீப் நின்றது. "இல்ல. அந்த மாமா."

"எந்த மாமாவா வேணா இருந்துட்டுப் போகட்டும். ஏங்க, எங்கப்பாவுக்கு ஒண்ணுன்னா..." அவள் குரல் உடைந்தது. அழுகிறாள் என்று தெரிந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

அடுத்த எச்சரிக்கை காரணம்பேட்டை தாண்டி வந்தது. "மாமா, நானூறு மீட்டரில்." கால் தளரப் பார்த்தது. மகுடேஸ்வரன் அதை அழுத்தினான். நூற்றுப் பத்தில் போகும்போது கரும்புச்சாறு வண்டியின் குடைக்கு அடியிலிருந்து ஒரு வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

கார் மரியாதையாகப் பேசியது. "ஐந்தாவது விதிமீறல் பதிவாகியுள்ளது. இந்தப் பயணம் முடிந்து இன்ஜினை நிறுத்தியதும் உங்கள் உரிமம் ஓராண்டுக்குப் பூட்டப்படும்."

"என்னங்க அது?" என்றாள் கோகிலவாணி.

"ஒண்ணுமில்ல. விளம்பரம்" என்றான் அவன்.

போனது போய்விட்டது. வேகத்தை மட்டும் குறைக்கவில்லை. சூலூருக்கு முன்னால் உஷார் மறுபடி வாயைத் திறந்தது. "மாமா, இடப்பக்கச் சாலையில், ஒரு கிலோமீட்டரில். அந்தச் சாலையைத் தவிர்க்கவும்." அவன் இடப்பக்கம் ஒடித்தான். "மாமா, எழுநூறு மீட்டரில். உடனே திரும்பவும்." குரலில் அவனுக்கு ஏதோ பதற்றம்கூடக் கேட்டது. "மாமா, இருநூறு மீட்டரில்."

வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் ஓர் ஆரஞ்சு ஹெல்மெட் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். மொபெட் தண்ணீரில்லாத வாய்க்கால் சரிவில் சாய்ந்து கிடந்தது. காரைப் பார்த்ததும் அவர் எழுந்தார். எழுந்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்குள் போக ஆரம்பித்தார்.

மகுடேஸ்வரன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே குதித்தான். அணைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. கார் கதவு 'டொக்' என்று பூட்டிக்கொண்டது. "நன்றி. அடுத்த ஆண்டு சந்திப்போம்" என்றது.

"மாமா! நில்லுங் மாமா! எங்கங் போறீங்க?"

சோளத் தட்டைகளுக்கு நடுவில் மாமனார் நின்றார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அதே கனிவான குரல்.

"மாப்பிள்ளை, பத்து மீட்டரில். வழி மாற்றிக்கொள்ளவும்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாச்சிமுத்து சட்டைப் பையைக் கையால் பொத்தினார். பொத்தியும் அது, "மாப்பிள்ளை, ஐந்து மீட்டரில்" என்றது.

"கோகிலாதானுங் வாட்சு வாங்கிக் குடுத்தா, நெஞ்சுக்கு நல்லதுன்னு" என்றார் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு. "கேமராவுக்குன்னு பக்கத்து வீட்டுப் பையன் இதப் போட்டுக் குடுத்தானுங். எனக்கெங்கங் கேமரா? நானு போறது இருவத்தஞ்சுல. ரெண்டாம் நாளே உங்களைச் சொல்ல ஆரம்பிச்சிருச்சுங்."

"என்னையங்களா? என்னையப் பாத்து நீங்க எதுக்குங் மாமா பயப்படோணும்?"

"மாப்ளையாச்சுங்களே." இதைவிட என்ன காரணம் வேண்டும் என்பது போல அவர் பார்த்தார். "உங்களக் கண்டா என்ன பேசறதுன்னே தெரியறதில்லீங். பேசாம போனா மரியாதை இல்லைம்பீங்க. எதாச்சும் கேக்கோணும்னு அன்னைக்குப் பந்தியில வாயில வந்தத கேட்டுப் போட்டனுங். உங்க மொகம் சுண்டிப் போச்சு. அன்னைல இருந்து உங்க காரைப் பாத்தாவே நெஞ்சு திக்குதிக்குங்குது. டாக்டர் வேற பதட்டமே கூடாதுங்கறாரு. காத்தால நீங்க வர்றீங்கன்னு இது சொல்லுச்சு. சட்டுனு இப்படித் திருப்பினனுங். மண்ணு சறுக்கிருச்சு."

"போனை எடுத்திருக்கலாமுங்களே! கோகிலா அழுவறா."

"எடுத்தா அவ உங்களத்தான் அனுப்புவா. அதானுங் எடுக்கல."

மகுடேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. காலையில் ஒரே ரோட்டில் இரண்டு பேரும் ஒருவரிடமிருந்து ஒருவர் தப்பித்து, ஆளுக்கு ஒரு பக்கம் ஓடியிருக்கிறார்கள். கோகிலவாணிக்குப் போன் செய்து அப்பா கிடைத்துவிட்டார், முழங்காலில் சிராய்ப்புதான், நெஞ்சுக்கு ஒன்றுமில்லை என்று சொன்னான். அவள் முதலில் அழுதாள், பிறகு இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினாள். இருவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

மொபெட்டைச் சரிவிலிருந்து இழுத்து மேலே நிறுத்தியதும் மாமனார் ஒதுங்கி நின்றார். "நீங்க ஓட்டுங் மாப்ள. உங்களைப் பின்னால உக்கார வெச்சு நானு ஓட்டறதுங்களா? ஊரு என்ன சொல்லும்?"

"எனக்கு லைசென்ஸ் இல்லீங் மாமா. வர்ற வழியில போயிருச்சு." சொல்லிவிட்டு, மீதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். "வேலையும் போயிருமுங்."

நாச்சிமுத்து அவனையும் பூட்டிக் கிடந்த காரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, வலிக்கிற காலாலேயே மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

"ஏறுங் மாப்ள. வருசம் பூராவும் நானே கொண்டாந்து உடறனுங். உங்க கடைகளுக்கு இருவத்தஞ்சுல போனா என்ன, குடியா முழுகிப் போயிரும்?"

மகுடேஸ்வரன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டான். இரண்டு உஷாரும் இரண்டு பையிலிருந்தும் மாறி மாறி அலற ஆரம்பித்தன. பாலம் தாண்டுவதற்குள் இரண்டையும் அணைத்துவிட்டார்கள்.

மொபெட்டில் ஒரு சௌகரியம். முகம் தெரியாது. மாமனார் ரோட்டைப் பார்த்துப் பேசினார். மருமகன் ஆரஞ்சு ஹெல்மெட்டைப் பார்த்துப் பேசினான். மேனேஜர் பதவி தனக்கு எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை என்பதை அவன் கோகிலவாணியிடம்கூடச் சொன்னதில்லை. அதை அந்த ஹெல்மெட்டிடம் சொன்னான்.

"எங்க மாமனாருக்கு நானு எப்படிப் பயப்படுவேன் தெரியுமுங்களா?" என்றது ஹெல்மெட். "ஒருக்கா தோட்டத்துல அவரு வர்றதப் பாத்துட்டு, கெணத்துப் படியில எறங்கி உள்ள போயி நின்னுக்கிட்டனுங். அவரு போறாருன்னு பாத்தா, மேட்டுல துண்டை விரிச்சுப் படுத்துப் போட்டாரு."

மகுடேஸ்வரன் வாய்விட்டுச் சிரித்தான். தோளைப் பிடித்திருந்த கையில் மாமனாரும் சிரித்துக் குலுங்குவது தெரிந்தது.

சூலூரில் மாமனார் வீட்டுக்குத் திரும்புகிற முக்கு வந்தது. பேச்சு சுவாரசியத்தில் மாமனார் அதைக் கவனிக்காமல் நேராகப் போனார். பின்னால் இருந்தவன் கவனித்தான். அவன்தான் சொல்ல வேண்டும்.

"கெணத்துல தண்ணி இருந்துச்சுங்களா மாமா?" என்று கேட்டான்.